கொஞ்ச நேரம் ஏறிவிட்டு சார்ஜ் நின்றுபோகிறது: கோளாறு காரிலா, வீட்டு கரண்டிலா?

புளியரை நர்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் செங்கோட்டை பக்கம் புளியரை. புனலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறேன். எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போய் வருகிற வேலை. பெட்ரோல் போட்டுக் கட்டுபடியாகவில்லை என்றுதான் ஒரு எலக்ட்ரிக் காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 30 கிலோவாட் அவர் பேட்டரி. வாரன்டி முடிந்த வண்டி. ஆனி பிறந்து சாரல் பிடிக்கும் வரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை.

இப்போது நடப்பது இதுதான். ராத்திரி வந்து, கூடவே கொடுத்த பெட்டி வைத்த கேபிளை ஷெட்டில் இருக்கும் 15 ஆம்ஸ் பிளக்கில் மாட்டுவேன். பெட்டியில் பச்சை விளக்கு வரும். கேபிளின் மறுமுனையில் இருக்கும் சார்ஜிங் துப்பாக்கியை காரில் செருகியதும் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், கார் திரையில் சார்ஜ் ஏறுவதாகக் காட்டும். பத்துப் பதினைந்து நிமிஷம் நன்றாகப் போகும். அப்புறம் மறுபடி ஒரு "டக்". பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும், கார் சார்ஜ் தடைப்பட்டது என்று சொல்லும். கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டினால் மறுபடி ஏறும், மறுபடி நிற்கும். இரண்டாவது முறை முதல் முறையைவிடச் சீக்கிரம் நிற்கிறது. இதை நான் கவனித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தென்காசியில் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. அக்காவை ஆரியங்காவில் கொடுத்திருக்கிறோம். அத்தான் வீட்டில் இதே கேபிளை மாட்டி ராத்திரி விட்டேன், காலையில் 100 காட்டியது.

சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று ஒரு லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். அத்தான் வீட்டில் ஏறுகிறதே என்று கேட்டேன். "சில நேரம் ஏறும், சில நேரம் ஏறாது, முழுசாகப் போவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள்" என்றார்கள். மனசு ஒப்பவில்லை. நோயாளிக்கு என்ன என்று பார்க்காமல் கையில் கிடைத்த மருந்தைக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது.

எங்கள் வீடு மாமனார் கட்டியது, வயரிங்கும் அந்தக் காலத்தது. மீட்டர் தெருப்பக்கம், கார் ஷெட் வீட்டுக்குப் பின்னால். ஷெட்டின் போர்டு மேற்குப் பார்த்த சுவரில் இருக்கிறது. முன்பு ஜெனரேட்டர் வைத்திருந்த காலத்தில் லைன் கரண்டுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றிக்கொள்ள வைத்த சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றும் அதே சுவரில் உண்டு. காலை ட்யூட்டி என்றால் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அதனால் ராத்திரி வீட்டில் ஏறியே ஆக வேண்டும். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கொழிஞ்சாம்பாறை:

வணக்கம் சிஸ்டர். நான் பாலக்காட்டுப் பக்கம், பொள்ளாச்சிக்கும் சித்தூருக்கும் நடுவே இருக்கும் கொழிஞ்சாம்பாறை. எலக்ட்ரிக் கார் ஓட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். எஸ்டிமேட்டில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதலில் ஒன்று. ஃபாஸ்ட் சார்ஜரில் ஏறுகிறது என்பதை வைத்து ஆன்போர்டு சார்ஜர் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஃபாஸ்ட் சார்ஜர் டிசி கரண்டை நேராக பேட்டரிக்கே கொடுத்துவிடும், ஆன்போர்டு சார்ஜர் அந்த வழியில் வராது. சர்வீஸ் ஆட்கள் இதைச் சொல்லியிருந்தால் அது சரிதான். ஆனால் அத்தான் வீட்டில் 100 வரை ஏறியது ஏசி கரண்டில். அங்கே அதே கார், அதே கேபிள், அதே ஆன்போர்டு சார்ஜர். ராத்திரி முழுக்க நிற்காமல் வேலை செய்திருக்கிறது. மாறியது வீடு மட்டும்தான். அதனால் கோளாறை வீட்டில் தேடுங்கள்.

நீங்கள் சொன்ன "டக்" சத்தமும் ஒரு நல்ல தடயம். கேபிளில் இருக்கும் பெட்டியை எல்லாரும் சார்ஜர் என்கிறோம். உண்மையில் அது காவல்காரன் வேலை பார்க்கும் சுவிட்ச். ஏசியை டிசியாக மாற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். பெட்டி காருக்கு 12 வோல்ட் சிக்னல் ஒன்றை அனுப்பிக்கொண்டிருக்கும். துப்பாக்கியைச் செருகியதும் கார் அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும், அதாவது வண்டி வந்து நிற்கிறது. கார் தயாரானதும் 6 வோல்ட்டுக்கு இறக்கும், அதாவது கரண்டைக் கொடு. அதைப் பார்த்த பிறகுதான் பெட்டி ரிலேயை மூடும், அந்தச் சத்தம்தான் உங்கள் "டக்". ஆக, உங்கள் கார் கேட்கிறது, பெட்டியும் கொடுக்கிறது. பேச்சுவார்த்தையில் பழுதில்லை. காரின் 12 வோல்ட் சின்ன பேட்டரி படுத்திருந்தாலோ, சார்ஜ் போர்ட்டின் பூட்டு விழாமல் இருந்தாலோ பெரும்பாலும் இந்த முதல் "டக்" வரை வராது. நேரம் வைத்து சார்ஜ் செய்யும் செட்டிங் தெரியாமல் ஆன் ஆகியிருந்தாலும் அப்படித்தான், தொடங்கவே தொடங்காது. உங்களுடையது தொடங்கிவிட்டு நிற்கிறது. சிவப்பு விளக்கும் பெட்டியில்தான் முதலில் வருகிறது. நிறுத்துவது பெட்டி என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கார் செட்டிங்கிலோ பெட்டியிலோ ஆம்பியரைக் குறைக்க வழி இருந்தால் 8 ஆம்பியர் வைத்து, பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அப்போது நிற்காமல் போனால், கரண்டு அதிகமாக ஓடும்போது வீட்டு லைனில் ஏதோ ஒன்று தாங்கவில்லை என்று அர்த்தம். சிவப்பு விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி, கூடவே வந்த புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எர்த், வோல்ட்டேஜ், சூடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு இருக்கும்.

புனலூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கரண்டு கம்பத்திலேயே கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) வைத்த சார்ஜிங் பாயிண்ட் இருந்தால் அங்கேயும் உங்கள் கேபிளை மாட்டிப் பார்க்கலாம். ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் என்று வைத்ததுதான், ஆனால் சந்தேகம் தீர அது போதும்.


புளியரை நர்ஸ்:

ரொம்ப நன்றி அண்ணா. காரிலேயே ஆம்பியரைக் குறைக்கிற வசதி இருந்தது. வழக்கமாக 13-ல் இருக்கும், 8-ல் வைத்தேன். பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், நிற்கவே இல்லை. சரி என்று அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன், காலை வரை ஏறியிருக்கிறது. முழுசாக ஏறவில்லை, ஆனால் புனலூர் போய்வரப் போதும்.

சிவப்பு மின்னுகிற கணக்கைப் பார்த்தேன். எர்த் கோளாறு என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் வயரிங் தெரிந்த ஒரு பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 227, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 228, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 1. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, பெட்டிதான் சும்மா பயப்படுகிறது என்கிறான். பிளக்கில் எர்த் ஓட்டைக்கு வரும் வயரைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு வயரை அதற்குக் கொடுத்துவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும், பல வீட்டில் இப்படித்தான் செய்திருக்கிறோம் என்கிறான். செய்யலாமா? நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.


தென்காசி வயர்மேன்:

தங்கச்சி, அந்தப் பையனை வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு காரியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். பிளக்கின் எர்த் பின் காரின் இரும்பு பாடியோடு சேர்ந்தது. நீங்கள் கதவைத் திறக்கப் பிடிக்கிற இடம் அது. அதை நியூட்ரலோடு கட்டிவிட்டால், நியூட்ரல் நல்லபடியாக இருக்கும் வரைதான் உங்கள் உயிருக்கு உத்தரவாதம். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனது என்று வையுங்கள். ஷெட்டில் ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தால் போதும், ஃபேஸ் அந்தப் பல்பு வழியாக நியூட்ரல் வயருக்கு வரும், திரும்பிப் போக வழி இருக்காது, நீங்கள் போட்ட துண்டு வயர் வழியாக கார் பாடிக்கு ஏறி நிற்கும். டயர் ரப்பர், தரைக்குப் போகாது. சாரல் விழுந்த தரையில் வெறுங்காலோடு நின்று நீங்கள் கதவைத் தொடும்போது உங்கள் வழியாகத்தான் போகும். பெட்டி ரிலேயைத் துண்டித்துவிடாதா என்று கேட்பீர்கள். அது ஃபேஸையும் நியூட்ரலையும்தான் துண்டிக்கும். எர்த் வயரைப் பெரும்பாலான பெட்டிகள் துண்டிப்பதில்லை. பல வீட்டில் செய்திருக்கிறோம் என்று அவன் சொன்னதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

அடுத்தது, மீட்டரில் 228 வந்துவிட்டது, அதனால் எர்த் சுத்தம் என்ற பேச்சு. மல்டிமீட்டர் அளக்கும்போது அதன் வழியாகக் கரண்டு ஓடுவதே இல்லை என்று சொல்லலாம், அவ்வளவு குறைவு. எர்த் வயர் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும், எர்த் குழி வறண்டு கிடந்தாலும் மீட்டரில் 228 காட்டும். லோடு கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். பழைய ஆட்கள் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்ப்பார்கள். வழக்கம்போலப் பளிச்சென்று எரிந்தால் எர்த் கொள்ளலாம், மங்கினால் கோளாறு. ஆனால் இதை லைசென்ஸ் உள்ள ஆள்தான் செய்ய வேண்டும். எர்த் அறுந்திருந்தால், சோதனை செய்கிற நேரத்தில் பல்பு வழியாக ஃபேஸ் வந்து வீட்டில் உள்ள ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் எல்லாவற்றின் பாடியிலும் ஏறிவிடும். அந்த ஒரு நிமிஷம் வீட்டில் யாரும் எதையும் தொடக்கூடாது. ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிற வீட்டில் பல்பு கொடுத்த உடனே அது விழுந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எர்த் குழிதான் கோளாறு என்றால் தொடங்கும்போதே சிவப்பு வந்திருக்கும். அதுவும் சித்திரை வைகாசியில் மண் காய்ந்து கிடக்கும்போதுதான் வரும், சாரலில் மண் ஊறியிருக்கும்போது எர்த் இன்னும் நன்றாகத்தான் பிடிக்கும். உங்களுக்கோ சாரல் பிடித்த பிறகு வந்திருக்கிறது. பத்து நிமிஷம் ஓடிவிட்டு நிற்கிறது. இரண்டாவது முறை சீக்கிரம் நிற்கிறது. 8 ஆம்பியரில் நிற்கவில்லை. இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். எங்கேயோ ஒரு ஜாயின்ட் லூசாகி, கரண்டு ஓட ஓடச் சூடாகிறது. சூடாக ஆக இன்னும் மோசமாகிறது. முதல் சூடு ஆறுவதற்குள் மறுபடி மாட்டுவதால் இரண்டாவது தடவை சீக்கிரம் நிற்கிறது.

அந்த ஜாயின்ட் நியூட்ரலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நியூட்ரல் ஜாயின்ட் கெட்டால், லோடு ஏறும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்ட்டேஜ் ஏறும். பெட்டிக்கு அது எர்த் சரியில்லாத மாதிரித்தான் தெரியும். வரம்பு தாண்டினால் எர்த் கோளாறு என்று நிறுத்திவிடும். வரம்பு பெட்டிக்குப் பெட்டி மாறும். உங்கள் பெட்டி சும்மா பயப்படவில்லை தங்கச்சி, சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

8 ஆம்பியர் வைத்து ராத்திரி முழுக்க விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சோதனைக்கு அது சரி, வைத்தியமாக அதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். 13-க்கு பதில் 8 ஓடினால் ஜாயின்ட்டில் வரும் சூடு பாதிக்கும் கீழே போகும், பெட்டியும் நிறுத்தாது. ஆனால் சூடு இருந்துகொண்டேதான் இருக்கும், நிறுத்த ஆளில்லாமல் விடியும் வரை. ஷெட்டில் தேங்காய் நாரோ, பழைய பேப்பரோ போர்டுக்குக் கீழே கிடந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். சரிசெய்யும் வரை அத்தான் வீட்டிலோ ஃபாஸ்ட் சார்ஜரிலோ போட்டுக்கொள்ளுங்கள்.

வயர்மேன் வந்ததும் இப்படி அளக்கச் சொல்லுங்கள். காரை 13 ஆம்பியரில் ஏறவிட்டு, ஏறிக்கொண்டிருக்கும்போதே மூன்று ரீடிங்: ஃபேஸ் நியூட்ரல், ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த். இதை மீட்டர் பக்கத்தில் ஒருமுறை, ஷெட் போர்டில் ஒருமுறை. இரண்டு இடத்துக்கும் நடுவே ஃபேஸில் எவ்வளவு இறங்குகிறது, நியூட்ரலில் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒரே நீளம், ஒரே கனம் உள்ள வயர் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் என்றால் ஜாயின்ட் அந்தப் பக்கம். ரீடிங் எடுத்ததும் இங்கே எழுதுங்கள். நீங்கள் நர்ஸ், குறித்து வைக்கிற பழக்கம் இருக்கும்.

மேற்குச் சுவர், பழைய சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று எழுதியதைப் படித்த உடனே எனக்கு அங்கேதான் கண் போனது. அதன் மூடியை முதலில் திறக்கச் சொல்லுங்கள். மெயினை இறக்கிவிட்டுத்தான்.


குமுளிக்காரன்:

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எர்த் பேச்சு வந்ததால் அண்ணாச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். குமுளியில் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மதுரை, தேனி பக்கமிருந்து இப்போது எலக்ட்ரிக் காரில் வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கே.எஸ்.இ.பி. லைனில் 15 ஆம்ஸ் பிளக்கில் எல்லாருக்கும் ஏறுகிறது. மழையில் கரண்டு போய் ஜெனரேட்டர் போட்டால் யார் காருக்கும் ஏறுவதில்லை, மாட்டிய உடனே சிவப்பு. ஜெனரேட்டர் 7.5 கேவிஏ, லோடு தாங்கும். லைட், ஃபேன், கீசர் எல்லாம் ஓடுகிறது. இதற்கும் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கக்கூடாதா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மலைப்பாதையில் ஓட்டுகிற எல்லாருக்கும் உபயோகப்படும். இங்கேயிருந்து லோயர் கேம்ப் வழியாகக் கம்பம் இறங்குகிறவர்கள் ராத்திரி 100 வரை ஏற்றிக்கொண்டு காலையில் கிளம்பினால், இறக்கத்தில் ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியைப் பிடித்து பேட்டரிக்குக் கரண்டு கொடுப்பது, சரியாகப் பிடிக்காது. பேட்டரி நிரம்பியிருக்கும்போது இறக்கத்தில் வரும் கரண்டை வைக்க அதில் இடமில்லை. கால் பிரேக்கிலேயே இருக்கும், புதுசாக ஓட்டுகிறவர்கள் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று போன் செய்வார்கள். அதனால் நான் 85-ல் நிறுத்தச் சொல்வேன். இறங்கி முடிக்கும்போது அதில் கொஞ்சம் கூடியே இருக்கும். புளியரை சிஸ்டர் முதலில் ஏறி அப்புறம் இறங்குவதால் அவருக்கு 100 வைத்தாலும் சிரமமில்லை.


தென்காசி வயர்மேன்:

குமுளித் தம்பி, நல்ல கேள்வி. உங்களுடையது வேறு விஷயம். கரண்டு ஆபீஸ் சப்ளையில் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே பூமியில் இறக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 வருகிறது. சின்ன ஜெனரேட்டர் பெரும்பாலும் அப்படி இறக்காமல் வரும், அதன் இரண்டு வயரும் பூமியோடு சம்பந்தம் இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். ஃபேஸ் எர்த் அளந்து பாருங்கள், 230 வராது, பாதியோ ஏதோ ஒன்று காட்டும். லைட்டுக்கும் கீசருக்கும் இது தெரியாது, கார் பெட்டி எர்த்தைப் பார்ப்பதால் அதற்கு மட்டும் தெரிகிறது.

இதற்கு ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில், அதன் நியூட்ரலை முறையான எர்த் குழியோடு ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். சேஞ்ச் ஓவர் ஃபேஸோடு நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கே.எஸ்.இ.பி. நியூட்ரலும் உங்கள் எர்த்தும் ஒன்றாகிவிடும். கரண்டு பிறக்கிற இடத்தில் சேர்ப்பது முறை. பிளக்கில் சேர்ப்பதுதான் ஆபத்து. உங்கள் ஊர் லைசென்ஸ்காரரை வைத்துச் செய்யுங்கள், நீங்களே கை வைக்க வேண்டாம்.


புளியரை நர்ஸ்:

அண்ணாச்சி, செங்கோட்டையிலிருந்து லைசென்ஸ் உள்ள வயர்மேன் வந்தார். நீங்கள் எழுதியதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். "எழுதினவர் நம்ம தொழில்காரர்தான்" என்றார்.

லோடு இல்லாமல் பார்த்தபோது முன்பு சொன்ன ரீடிங்தான், மீட்டரிலும் ஷெட்டிலும் ஒன்றுபோல. கார் 13 ஆம்பியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டர் பக்கம் ஃபேஸ் நியூட்ரல் 216, ஃபேஸ் எர்த் 222, நியூட்ரல் எர்த் 6. ஷெட்டில் ஃபேஸ் நியூட்ரல் 200, ஃபேஸ் எர்த் 218, நியூட்ரல் எர்த் 18. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே 18 என்பது 19, 20 என்று ஏறி, "டக்" என்று பெட்டி நிறுத்திவிட்டது. கண் முன்னாலேயே நடந்தது.

ஃபேஸ் வயரில் மீட்டருக்கும் ஷெட்டுக்கும் நடுவே 4 வோல்ட் இறங்குகிறது. நியூட்ரலில் 12. நியூட்ரலில் கூடுதலாக இருக்கும் 8 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 104 வாட் என்று வயர்மேன் என் நோட்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். நூறு வாட் குண்டு பல்பின் சூடு முழுக்க ஒரு திருகாணிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றார். சேஞ்ச் ஓவர் பெட்டியின் மேல் நான் கை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரர் நெற்றியைவிடச் சூடு.

மெயினை இறக்கி மூடியைத் திறந்தார். ஃபேஸ் பக்கம் பித்தளை பளபளவென்று இருக்கிறது. நியூட்ரல் பக்கம் திருகாணி கறுத்து, அதற்குள் போகும் அலுமினிய வயரின் முனை முழுக்க வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது, உப்பு படிந்த மாதிரி. வயரின் தோல் இரண்டு விரல் நீளத்துக்குக் கருகி, தொட்டதும் உதிர்ந்தது. பெட்டியின் மேல் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை, சுவரில் வழிகிற தண்ணீர் வயரோடு உள்ளே இறங்கியிருக்கிறது. அலுமினியமும் பித்தளையும் தொட்டுக்கொண்டு இருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் இப்படி அரித்துப் போகும் என்று விளக்கினார். மாமனார் காலத்தில் அந்த லைனில் ஒரு பல்பும் எப்போதாவது ஒரு டிரில்லிங் மெஷினும்தான் ஓடின, அதனால் யாருக்கும் தெரியவில்லை. கார் மணிக்கணக்காக 13 ஆம்பியர் இழுத்ததில்தான் வெளியே வந்திருக்கிறது. பல்பு கொடுத்து எர்த்தும் பார்த்தார், நன்றாக எரிந்தது.

விட்டுப்போக இருந்தது நியூட்ரல். அந்தப் பையன் சொன்னபடி எர்த் பின்னை அதே நியூட்ரலோடு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வயர்மேன் சொன்னபோது என் வீட்டுக்காரர் பேச்சே இல்லாமல் நின்றார். எங்கள் சின்னவள் ஸ்கூல் விட்டு வந்ததும் கார் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு விளையாடுவாள். அந்தப் பையனைக் கூப்பிட்டு, கருகின வயரைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் போட்ட வீடுகளில் போய்க் கழற்றுகிறேன் என்று சொல்லியிருக்கிறான், வயர்மேனும் கூடப் போவதாகச் சொன்னார். இதை நான் விடப் போவதில்லை.

இப்போதைக்கு சேஞ்ச் ஓவரை எடுத்துவிட்டு, கருகிய பகுதியை வெட்டி, வயர் முனையில் புது லக் (உலோகக் குப்பி) அடித்து நேராகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். 13 ஆம்பியரில் ஓடவிட்டு அவர் முன்னாலேயே பார்த்தோம். ஷெட்டில் நியூட்ரல் எர்த் 10-ல் நின்றது, ஏறவில்லை. கார் நிற்காமல் ஏறுகிறது. ஆனாலும் இந்தப் பழைய அலுமினிய லைனை நம்பி வருஷக்கணக்காக ஓட்டக்கூடாது, மீட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள் என்கிறார். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, ஆன்போர்டு சார்ஜர் வேண்டாம், எஸ்டிமேட்டை ரத்து செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். ரீடிங் எழுதிய தாளையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். அடுத்து வருகிறவருக்காவது முதலில் வீட்டு லைனைப் பார்க்கச் சொல்லட்டும்.

தனி லைனுக்கு என்ன வயர், என்ன சுவிட்ச் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள் அண்ணாச்சி. கொழிஞ்சாம்பாறை அண்ணா, உங்களுக்கும் நன்றி. நீங்கள் முதலில் எழுதாமல் இருந்திருந்தால் நான் பணத்தைக் கட்டியிருப்பேன்.


தென்காசி வயர்மேன்:

ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. அந்தப் பையனைத் திட்டி அனுப்பாமல் சொல்லிக் கொடுத்தது நல்ல காரியம்.

மீட்டர் போர்டிலிருந்து ஷெட் வரை 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுமே காப்பர், நடுவில் ஒரு ஜாயின்ட்டும் இல்லாமல் பைப்புக்குள் இழுக்கச் சொல்லுங்கள். அதற்குத் தனியாக 20 ஆம்ஸ் எம்சிபி (கரண்டு அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. ஆர்சிசிபி வாங்கும்போது ஏ டைப் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கொடுப்பது ஏசி டைப், கார் சார்ஜருக்கு அது போதாது. வேறு எந்த பிளக்கையும் அந்த லைனில் சேர்க்க வேண்டாம், கிரைண்டரைக்கூட.

15 ஆம்ஸ் சாக்கெட்டையும் மாற்றிவிடுங்கள். பழைய சாக்கெட் இத்தனை நாள் சூட்டில் இருந்தது, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பிளக் டாப்பின் பின்களைப் பாருங்கள், ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். போர்டை மேற்குச் சுவரில் வைக்காமல், ஷெட்டுக்குள் சாரல் அடிக்காத பக்கத்தில் மாற்றி, வயர் கீழிருந்து மேலே நுழைகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லாத் திருகாணியையும் ஒருமுறை முறுக்கிப் பார்க்க வேண்டும், அதையும் அவரிடமே இப்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.